வயசு எண்டு சொல்லுவம்

"எங்கடை ஐயாவின்ரை துண்டை நான்தான் வெட்டுவன்" என்றேன்.

உதயகலா மிஸ் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தா. நான் இந்த ஆய்வுகூடத்தில் சேர்ந்த அன்று அவ முதன்முதலில் சொன்னதே இதைத்தான்: சொந்தக்காரரின் உடம்பிலிருந்து எடுத்த துண்டு வந்தால் தொடக்கூடாது, தொட விடுங்கோ என்று கேட்கவும் கூடாது. கை நடுங்கும். கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும். பிழையாக வெட்டிப்போட்டால் அந்தத் துண்டு திரும்பக் கிடையாது. எனக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு இதை நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன், கொஞ்சம் அதட்டலாகவே.

"கஜந்தினி, உமக்கு விதி தெரியும்."

"ஓம் மிஸ்."

"பிறகேன் கேக்கிறீர்?"

"கேக்கக்கூடாதெண்டு தெரிஞ்சுதான் கேக்கிறன்."

தட்டில் இரண்டு சின்னப் போத்தல்கள் இருந்தன. இரண்டிலும் என் கையெழுத்தில்லை, கூட வேலை செய்கிற றிஹானாவின் கையெழுத்து. தம்பிராசா, ஆண், 58. முதலாவதில் ஐயாவின் பெருங்குடலில் இருந்த கட்டியிலிருந்து கிள்ளிய துண்டுகள். இரண்டாவதில் கட்டிக்குத் தள்ளி, சாதாரணச் சுவரிலிருந்து எங்கள் ஆய்வுக்கென்று எடுத்தவை. எல்லாம் அரிசிக் குறுணி அளவுதான். திரவத்துக்குள் அசையாமல் கிடந்தன.

மிஸ் என்னைப் பார்த்தா. எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தா போல. வரவில்லை. இரண்டு நாளாக எனக்கு ஒன்றுமே வரவில்லை. பசியும் கூட.

"முதலாம் போத்தல் றிஹானாவுக்கு. அதிலை நீர் கை வைக்கக்கூடாது. ரெண்டாவதை வேணுமெண்டா நீர் செய்யும். அதிலை ஒண்டும் இராது. வயசுதான் இருக்கும்."

வயசுதான் இருக்கும். நான் போத்தலை எடுத்துக்கொண்டு என் மேசைக்குப் போனேன்.

நாங்கள் செய்கிற ஆய்வு இதுதான்: வயது போகப் போகப் பெருங்குடலின் சுவருக்கு என்ன நடக்கிறது? இதற்கு மூன்று வருடமாகத் துண்டு வெட்டுகிறேன். குடலுக்குள் கமெரா விட்டுப் பார்க்க வருகிறவர்களிடம் உள்தோலில் கிள்ளியது, ஒப்பரேசனில் வெட்டி எடுத்த முழுத் துண்டுகள், செத்தவர்களிடம் எடுத்தவை. ஆட்கள் "நீ என்ன வேலை செய்யிறாய்" என்று கேட்டால் "பெருங்குடல் வெட்டுறன்" என்பேன். அதற்குமேல் ஒருத்தரும் கேட்பதில்லை. அம்மா மட்டும் சனத்திடம் "கம்பஸிலை வேலை" என்று சொல்லிவைத்திருக்கிறா.

இளமையான குடலின் உள்தோலைக் குறுக்காக வெட்டி நுணுக்குக்காட்டியில் பார்த்தால் இடியப்பத் தட்டின் ஓட்டைகள் போல இருக்கும். வட்டம் வட்டமாக, ஒரே அளவில், ஒரே இடைவெளியில். ஒவ்வொரு வட்டத்தைச் சுற்றியும் சளி சுரக்கிற கலங்கள் நிறைந்திருக்கும். வயது போனால் அந்த ஒழுங்கு குழம்பும். வட்டங்கள் சில பெருத்துவிடும், சில கிளை விடும். இடையில் நார் தடிக்கும். சளி குறையும். உள்தோலுக்கு வெளியே இருக்கிற தசை, பழைய சைக்கிள் ரியூப் மாதிரி விறைக்கும். தசைகளுக்கு நடுவில் ஓடுகிற நரம்புக் கலங்கள் குறையும். அவை குறைந்தால் குடலுக்குத் தள்ளச் சொல்லி ஆர் சொல்வது? அது சோம்பும். இரத்தக் குழாய் நுழைகிற இடங்களில் சுவர் பலம் கெட்டு, சின்னச் சின்னப் பைகளாக வெளியே தள்ளும்.

இதெல்லாம் ஆளுக்காள் மாறும். எண்பது வயதிலும் நாற்பது மாதிரி ஒரு குடலைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் ஆய்வு. ஆனால் மாதக்கணக்காக இரத்தம் போவதற்கும், ஒரு மனிசன் பெல்ட்டுக்குப் புது ஓட்டை போடுகிற அளவுக்கு வற்றுவதற்கும் வயசு ஒரு பதில் இல்லை. அது எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் வேறு ஒருவருக்கும் அது தெரியத் தேவைப்படவில்லை.

மிஸ்ஸுக்கும் ஐம்பத்தெட்டுத்தான். போன மாதம் கேக் வெட்டினோம். "மிஸ், நாப்பதெண்டுதான் சொல்லுவினம்" என்று எல்லாரும் சொன்னோம். அதே வயதில் ஐயா எங்கள் ஊர் சண்டிலிப்பாய் முழுக்கக் கிழவர். டிஸ்பென்சரி டொக்டர் அவரைக் கட்டிலில் படுக்கவைத்துக்கூடப் பார்க்கவில்லை. "வயசு போனா உப்பிடித்தான் அப்பு. நல்லாத் தண்ணி குடியுங்கோ" என்று அனுப்பிவிட்டார். அந்த டொக்டருக்கு எப்படியும் ஐம்பது இருக்கும். கிழவரைக் கூப்பிடுகிற மாதிரி, அப்புவாம்.

நான் கண்டுபிடித்தது சறத்தில். அம்மா விடியக் கிணற்றடியில் ஐயா இடுப்பில் கட்டுகிற சறத்தைப் புறம்பாக ஒரு பேசனில் ஊறப்போட்டிருந்தா. தண்ணீர் சிவப்பு.

"உதென்னம்மா?"

"பீற்றூட் கிண்டினவர். சாயம்."

"இந்தப் போகம் நாங்கள் பீற்றூட் போடேல்லை. புகையிலை."

"ஆரோ தெரிஞ்ச ஆக்களின்ரை தோட்டத்திலை உதவிக்குப் போனவர். உனக்கு இப்ப என்ன வேணும்? உள்ளை போய்த் தேத்தண்ணியைக் குடி."

பேசனைக் காலால் பின்னுக்குத் தள்ளினா. அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. அப்போதுதான் சுவிஸ் மாப்பிள்ளையின் பேச்சும் சரிவந்திருந்தது. சாதகம் பொருந்தி, நல்லூரில் இருக்கிற மாப்பிள்ளையின் தாய் வீட்டுக்கு வந்து, பலகாரம் சாப்பிட்டு, எழும்பும்போது கேட்டா: "குறை நினையாதேங்கோ. பரம்பரை வருத்தம் ஒண்டும் இல்லைத்தானே?"

"ஐயோ, இல்லை" என்றா அம்மா. அந்தச் சறம் அப்போது கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

எனக்கு முதல் ரெண்டு பேச்சுக் குழம்பியிருந்தது. ஒருத்தருக்குத் தோட்டக்காரன் மகள் என்று. மற்றவருக்கு நான் அதிகம் கதைக்கிறேன் என்று. இந்த முறை அம்மா என்ன விலை கொடுத்தும் குழப்ப விடப்போவதில்லை என்று இருந்தா.

ஐயாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக நான் கெஞ்சவில்லை. கெஞ்சினால் "சும்மா மூலமடி" என்பார். ஒருநாள் அவர் வாய்க்கால் கட்டிக்கொண்டிருக்கும்போது போய் வரம்பில் நின்றேன்.

"ஐயா, எங்கடை ஆராய்ச்சிக்கு ஆள் காணாது."

"என்ன ஆள்?"

"அம்பதுக்கும் அறுபதுக்கும் இடையிலை தோட்டக்காரர் ஒருத்தரும் இல்லை. வாத்திமாரும் கிளாக்கர்மாரும்தான் வந்திருக்கினம்."

"ஏன், தோட்டக்காரனுக்குக் குடல் இல்லையாமோ?"

"இருக்கு. அவை வாறேல்லை."

மண்வெட்டியை ஊன்றி நின்று யோசித்தார். அது பொய் இல்லை. எங்களிடம் உண்மையிலேயே தோட்டக்காரர் இல்லை. ஆனால் கமெரா விட வேண்டிய காரணம் ஆய்வு இல்லை, அவரின் இரத்தம். அதையும் சொன்னேன். "இரத்தம் போறவையைத்தான் பாக்கிறவை. துண்டை எங்களுக்கும் தருவினம்" என்று. இரத்தம் என்ற சொல்லை அவர் காதில் வாங்காத மாதிரி இருந்தார்.

"உன்ரை படிப்புக்கு உதவுமெண்டா வாறன்" என்றார். "வேற ஒண்டுக்கும் இல்லை."

கமெரா விடுவதற்கு முதல்நாள் குடலைக் கழுவுகிற மருந்தை லீற்றர் கணக்கில் குடிக்க வேண்டும். வாத்திமார் அதற்கே அழுவார்கள். ஐயா சிரித்தார். "உது என்ன பெரிய வேலை. நான் சனிக்கிழமை சனிக்கிழமை செய்யிறதுதானே." அடுத்த நாள் கலியாண வீட்டுக்குப் போகிற மாதிரி வேட்டி கட்டி, திருநீறு பூசி வந்தார். றிஹானா அவரை இருத்தி எங்கள் கேள்விகளைக் கேட்டாள். புகைத்தல், குடி, சாப்பாடு.

"மலம் இளக மருந்து ஏதும் எடுக்கிறனீங்களோ, ஐயா?"

"சீச்சீ. நான் மருந்து மாத்திரை தொடுறேல்லைப் பிள்ளை."

றிஹானா "இல்லை" என்று போட்டாள். நான் பக்கத்தில் நின்றேன். என் காதிலும் அது பிழையாகப் படவில்லை.

கமெரா விட்ட டொக்டர் வெளியே வந்து என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார். "குடல் உள்ளுக்கு முழுக்கக் கறுப்பு. முதலைத் தோல் மாதிரி. அதுக்குள்ளை ஒரு இடம் மட்டும் வெளிறி நிக்குது. அதுதான் கட்டி. கறுப்பிலை வெள்ளை, தப்ப விட ஏலாது." அவர் அதை ஒரு வசதியாகச் சொன்னார்.

அப்போது நின்றுபோனதுதான். என் உள்ளே எதுவோ நின்றுபோனது. அதற்குப் பிறகு பஸ் ஏறினேன், இறங்கினேன், சோறு போட்டு மூடிவைத்தேன். ஐயா முற்றத்தில் இருந்து "என்னவாம் உன்ரை ஆராய்ச்சி?" என்று கேட்டார். "பாத்துச் சொல்லுவினம்" என்றேன்.

துண்டு மெழுகில் இறங்க ஓர் இரவு. அடுத்த நாள் காலை மெழுகுக் கட்டியை இயந்திரத்தில் பூட்டினேன். கைபிடியைச் சுற்றச் சுற்ற மெழுகு நாடா நாடாவாக வரும். தலைமயிரைவிட மெல்லிசு. மூச்சு விட்டால் பறந்துவிடும், அதனால் வெட்டும்போது ஒருத்தரும் கதைப்பதில்லை. அதை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டால் சுருக்கம் எடுபட்டு விரியும். கீழே கண்ணாடியைக் கொடுத்து மெல்லத் தூக்க வேண்டும். பென்சிலால் பெயரை எழுத வேண்டும், பேனை மை அழிந்துவிடும்.

என் கை நடுங்கவில்லை. அது எனக்குப் பெருமையாக இல்லை. ஆருடையதோ ஒரு துண்டு மாதிரித்தான் இருந்தது. நாடாவில் ஒரு மடிப்பு விழுந்தது, எறிந்துவிட்டு அடுத்ததை எடுத்தேன். எறிந்த பிறகுதான் அதுவும் ஐயா என்று நினைத்தேன்.

சாயம் போட்டுக் காய்ந்த பிறகு மிஸ்ஸிடம் கொண்டுபோனேன். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கிற நுணுக்குக்காட்டி அவவிடம் இருக்கிறது. அவ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

இடியப்பத் தட்டு ஓட்டைகள். சில கோணல். நடுவில் கொஞ்சம் நார். ஐம்பத்தெட்டுக்கு இது பரவாயில்லை. நான் எத்தனையோ பேரில் இதைவிட மோசமாகப் பார்த்திருக்கிறேன். எங்களூர்க் கிழவருக்கு உண்மையில் வயசு போகவில்லை. ஆனால் வட்டங்களுக்கு இடையில் முழுக்கக் கபில நிறத் தூள். தூளை விழுங்கிய கலங்கள் கும்பல் கும்பலாக நின்றன.

இந்தத் தூள் எங்களுக்குப் புதிது இல்லை. ஊர்ப்பக்கத்து வயதான ஆட்கள் நிறையப் பேரில் இருந்தது. வயது கூடக் கூட அதுவும் கூடுகிறது என்று நாங்கள் பதிந்துகொண்டு வந்தோம்.

மிஸ் கண்ணை எடுக்காமலே கேட்டா. "உம்முடைய அப்பா நிலாவாரை குடிக்கிறவரோ?"

"ஓம். சனிக்கிழமை சனிக்கிழமை. நான் பிறக்க முந்தியே."

"பேந்தேன் மருந்து எடுக்கிறேல்லை எண்டு சொன்னவர்?"

"அது மருந்தில்லை மிஸ். வயிறு கழுவுறது. எங்கடை பக்கத்திலை உப்புப் போலை, வீட்டிலை கிடக்கும். மருந்தெண்டு கேட்டா எல்லாரும் இல்லையெண்டுதான் சொல்லுவினம்."

மிஸ் இப்போதுதான் தலையை நிமிர்த்தினா. நிலாவாரை மாதிரியான பேதியை வருடக்கணக்காகக் குடித்தால் குடல் உள்தோல் கறுக்கும் என்பது அவவுக்கு நன்றாகத் தெரியும். அதற்காகத்தான் அந்தக் கேள்வியையே சேர்த்தவ. எல்லாரும் இல்லை என்றதால் மிச்சமிருந்தது வயசுதான்.

"அப்ப நாங்கள் வயசெண்டு எழுதினதிலை முக்காவாசி..."

"நிலாவாரை."

"சரி. திருப்பி எல்லாரையும் கேக்கவேணும்" என்றா. பெருமூச்சு விட்டா. பிறகு ஏதோ ஞாபகம் வந்தவ போல, "இந்தக் கறுப்பாலை கட்டி வந்ததெண்டு நினையாதையும். அதுக்கு ஆதாரம் இல்லை" என்றா.

நான் அப்படி நினைக்கவில்லை. நான் நினைத்தது வேறு. வயிற்றில் எது மாறினாலும் ஐயா சனிக்கிழமை வரை பார்த்துக்கொண்டிருப்பார். சனிக்கிழமை கழுவிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை சுகம் என்பார். அப்படியே எத்தனை மாதம் போயிருக்கும்.

"மற்ற ஸ்லைட்?" என்று கேட்டேன்.

"றிஹானா தந்திட்டா. நான் காலமையே பாத்திட்டன்."

"வயசோ, மிஸ்?"

"இல்லை, கஜந்தினி. வயசில்லை."

அவ எழும்பி வந்து என் தோளில் கை வைத்தா. கை பாரமாக இருந்தது. அவ்வளவுதான் உணர்ந்தேன். "நான் பாக்கலாமோ?" என்றேன். அவ மாட்டேன் என்று சொல்லவில்லை, ஸ்லைட்டை மாற்றிவைத்தா. ஓட்டைகள் இல்லை. வட்டம் இல்லை. ஒன்றின்மேல் ஒன்று ஏறி மிதித்துக்கொண்டு கலங்கள். சந்தையில் விலை விழுந்த நாள் சனம் மாதிரி. அதில் கபிலத் தூள் ஒரு துளி இல்லை. சுத்தமாக வெளிறிக் கிடந்தது. ஐயாவின் உடம்பில் இளசாக இருந்தது அது ஒன்றுதான்.

ஸ்கான் எடுத்தார்கள். சத்திரசிகிச்சை டொக்டர் நல்ல மனிசன், சுற்றி வளைக்கவில்லை. "இன்னும் சுவருக்குள்ளைதான் நிக்குது போலை. வெளியிலை ஒண்டும் தெரியேல்லை. இப்ப எடுத்தா எடுக்கலாம். வியாழக்கிழமை செய்வம், செவ்வாய் பின்னேரம் வாட்டிலை கொண்டுவந்து விடுங்கோ. பிந்திச்சுதெண்டா பிறகு நான் என்ன சொல்லுவனெண்டு எனக்கே தெரியாது."

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வீட்டில் எல்லாரும் இருந்தோம். அண்ணை றஜிந்தன் சுன்னாகம் சந்தையில் வெங்காயம் போட்டுவிட்டு நேரே வந்திருந்தார், உடம்பு முழுக்க வெங்காய மணம். ஐயா பிளாஸ்ரிக் கதிரையில். அம்மா குசினி வாசலில் நின்றா, உள்ளேயும் இல்லை வெளியேயும் இல்லை.

நான் டொக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். கான்சர் என்ற சொல்லையும் சொன்னேன். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டா. ஐயா தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

அண்ணைதான் முதலில் கதைத்தார். "எடி, நான் சொல்லுறதைக் கேள். நல்லூர்க் கோயில் கொடியேற மாப்பிளை வந்து நிப்பான். தீர்த்தம் முடியக் கலியாண எழுத்து. அடுத்த நாளே நான் ஐயாவைக் கொண்டுபோய் வாட்டிலை விடுறன். என்ரை கையாலை விடுறன்."

"அதுக்கு இன்னும் ரெண்டு மாதத்துக்கு மேலை கிடக்கு."

"ரெண்டு மாதத்திலை என்ன மலை புரளுமே?"

"சுவரைத் தாண்டும்."

"நீ பெரிய டொக்டரே? குடல் வெட்டுறனிதானே."

"ஓம். வெட்டுறன். அதாலைதான் தெரியும்."

"இப்ப ஒப்பரேசன் எண்டா ஊர் முழுக்கத் தெரியும்" என்றா அம்மா. குரல் மெல்லிசாக இருந்தது. "நாலு சனம் ஆசுப்பத்திரிக்குப் பாக்க வரும். அதிலை ஒண்டு நல்லூருக்குச் சொல்லும். உனக்கு இருபத்தொன்பது கஜி. இது மூண்டாவது பேச்சு. ஆரும் ஏன் மெலிஞ்சவர் எண்டு கேட்டா, வயசு எண்டு சொல்லுவம். வயசு போனா எல்லாரும் மெலியிறதுதானே."

"அவருக்கு வயசு போகேல்லை அம்மா."

"பின்னை நான் என்ன சொல்ல?" அம்மா கத்தினா. "பேசன் பேசனா நான் அழுதழுது தோய்ச்சனான். உனக்கு மட்டும்தான் தெரியுமெண்டு நினைச்சியோ? ரெண்டிலை நான் ஒண்டைத் தெரிவுசெய்தனான். தாய் எண்டா செய்யத்தான் வேணும்."

எனக்குப் பதில் இருந்தது. மூன்று வருடமாகச் சேர்த்துவைத்த பதில்கள் எல்லாம் இருந்தன. இந்த வீட்டில் முதன்முதல் கம்பஸ் போனது நான் என்று சாமிப்படத்துக்குப் பக்கத்தில் பட்டமளிப்புப் படத்தைக் கொழுவிவைத்திருக்கிறார்கள். அந்தப் படத்தைப் பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டுவார்கள். அதில் நிற்கிறவள் சொல்வதை ஒருநாளும் கேட்கமாட்டார்கள். இதையெல்லாம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். சொல்ல அலுப்பாக இருந்தது.

ஐயா சிரித்தார். அவர் நிலைமை முற்றினால் சிரிக்கிற ஆள்.

"பிள்ளை, இஞ்சை பார். உன்ரை எழுத்து முடியட்டும். நான் உதுக்குள்ளை செத்துப்போகமாட்டன், புகையிலை வெட்டவும் கிடக்கு. முடிஞ்ச கையோடை நீ சொல்லுற கட்டிலிலை படுக்கிறன். முழுக் குடலையும் எடு, வேணுமெண்டா. உன்ரை ஆராய்ச்சிக்கு."

அவருக்காக அவர் ஒருநாளும் ஆஸ்பத்திரி வாசல் மிதிக்கவில்லை. என் படிப்புக்காக வந்தார். இப்போது என் கலியாணத்துக்காக வராமல் இருக்கப் போகிறார். இரண்டுக்கும் நான்தான் காரணம். அந்தக் காரணம் இருக்கிறவரை அவர் எழும்பமாட்டார் என்று எனக்கு முந்தின நாளே தெரியும்.

"எழுத்து இல்லை" என்றேன்.

"என்ன?" என்றார் அண்ணை.

"எழுத்து இல்லை. நான் நேற்று மாப்பிளையின்ரை தாயோடை கதைச்சிட்டன்."

நேற்று ஆய்வுகூடப் படியில் இருந்துதான் எடுத்தேன். "அன்ரி, நீங்கள் அண்டைக்குப் பரம்பரை வருத்தம் இருக்கோ எண்டு கேட்டனீங்கள்" என்று தொடங்கினேன். ஐயாவுக்குக் குடலில் புற்றுநோய் என்றேன்.

"பரம்பரையா வாறதோ உது?" என்று கேட்டா.

"சில வீட்டிலை வரும். எங்கடை வீட்டிலை எப்பிடியெண்டு இன்னும் தெரியாது. நானும் அண்ணையும் இனி நேரத்துக்கு நேரம் சோதிச்சுக்கொள்ளவேணும்."

"நீர் சொல்லாமல் விட்டிருக்கலாம், பிள்ளை."

"விட்டிருக்கலாம்."

"சொன்னது நல்லது" என்றா. பிறகு, "சாதகத்தைத் தரகரிட்டைக் குடுத்து விடுறன்" என்றா. கோபப்படவில்லை. அவவின் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேனோ தெரியாது.

மாப்பிள்ளை கோபிசங்கருக்கும் எழுதினேன். அவன் ஒருக்கால் போனில் கேட்டவன்: "அப்ப என்ரை குடலைப் பாத்தா எனக்கு எத்தினை வயசெண்டு சொல்லுவியோ?" "சொல்ல ஏலாது, ஆளுக்காள் மாறும்" என்றேன். "பேந்து என்ன மண்ணாங்கட்டிக்கு ஆராய்ச்சி?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். என் வேலையைப் பற்றி ரெண்டாம் கேள்வி கேட்ட ஒரே ஆள் அவன். நேற்று எழுதியதற்கு, வாசித்துவிட்டான் என்று இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை.

அண்ணை கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். "உனக்கு விசரோடி? ஆரைக் கேட்டுச் சொன்னனி?"

"ஒருத்தரையும் கேக்கேல்லை."

"இனி உன்னை ஆர் கட்டுறது?"

"தெரியாது."

"ஐயோ, நாசமாக்கிப்போட்டாளே" என்று அம்மா நெற்றியில் அடித்தா. இரண்டாம் தரம் அடிக்கும்போது கை பாதியில் நின்றது. நின்ற கையால் முகத்தைத் துடைத்தா. அழுகை கலியாணத்துக்கா ஐயாவுக்கா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவவாலும் முடியாது என்று நினைக்கிறேன்.

ஐயா சிரிப்பதை நிறுத்திவிட்டார். "ஏன் பிள்ளை?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

"இனிப் பிந்துறதுக்கு உங்களுக்கு ஒரு காரணமும் இல்லை, ஐயா."

அறைக்குள் போய்ப் பையை எடுத்தேன். காலையிலேயே கட்டிவைத்தது. இரண்டு சறம், துவாய், திருநீற்றுப் பெட்டி, ஸ்கான் படம். அலுமாரித் தட்டில் நிலாவாரைத் தகரம் இருந்தது. அதை எடுக்கவில்லை.

"ஒழுங்கை முகப்பிலை ஓட்டோ நிக்குது. அஞ்சு மணிக்கு முந்தி வாட்டிலை நிக்கவேணும். வெளிக்கிட்டு வாங்கோ. நீங்கள் வராட்டியும் எழுத்து இல்லை. அது முடிஞ்சுது."

அண்ணை வாசலை மறித்து நின்றார். நான் அவரின் முகத்தைப் பார்க்கவில்லை, சேட்டில் ஒட்டியிருந்த வெங்காயச் சருகைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் விலகினார்.

வெயில் முற்றத்தில் அப்படியே நின்றது. கொடியில் ஐயாவின் சறம். நன்றாகத் தோய்த்திருந்தா, ஒரு கறை இல்லை. கேற்றைத் திறந்தேன். பின்னால் ஏதோ சத்தம் கேட்டது. கதிரை இழுபட்டதோ, அம்மாவோ. நான் நின்று பார்க்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒழுங்கையால் நடந்தேன்.